தங்கமீனைக் கொல்வது வெயிலல்ல

போரையும் இடப்பெயர்வையும் பற்றியே நெடுங்காலம் எழுதிய ஒருவன் தங்கமீனைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சம்பூரில் ஒரு வீட்டு முற்றத்திற் கண்ட காட்சியே இதனை எழுதத் தூண்டிற்று. புதிதாகக் கட்டிய சீமெந்துக் குளம். அதன் ஓரத்தில் ஒரு வாளி. வாளிக்குள் செத்த தங்கமீன்கள் பதினொன்று. "எங்கட வெயிலுக்கு இது தாங்காது ஐயா" என்றார் வீட்டுக்காரர். மீனை விற்ற கடைக்காரரோ, நோய் என்று சொல்லி நீலநிற மருந்துப் போத்தல் ஒன்றையும் விற்றிருந்தார்.

வெயிலும் காரணமன்று, நோயும் காரணமன்று. குளம் கட்டிய மூன்றாம் நாளே மீனை விட்டதுதான் காரணம்.

மீன் தன் செவுள்வழியே ஓயாது அமோனியாவை வெளிவிடுகிறது. எஞ்சிய தீனியும் அழுகி அதனையே பெருக்குகிறது. பழைய குளத்தில் கல்லிலும் சுவரிலும் படிந்து வாழும் பற்றீரியாக்கள் அந்த நஞ்சை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். புதுக் குளத்தில் அவை இல்லை. அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். போதாக்குறைக்குப் புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகிறது. காரமும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. இந்த நிலையில் மெதிலீன் நீலத்தைக் குளத்தில் ஊற்றுவதென்பது, வரவேண்டிய பற்றீரியாவையும் வராமற் செய்வதாகும். இதற்குப் பெயர் மருந்தாம்! கடைக்காரருக்கு இது தெரியாதென்றால் மீன் விற்க வந்திருக்கக்கூடாது. தெரிந்தே விற்றாரென்றால் அதற்கு வேறு பெயருண்டு.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். ஆகவே வெப்பம் மீனை நெருக்கும் என்பது மெய்யே. ஆனால் மூன்றடி ஆழமும், பாதிக் குளத்துக்கு நிழலும், நீர் விழுந்து கலங்க ஒரு சிறு குழாயும் இருந்தால் தங்கமீன் வாழும். சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளாகக் குளங்களில் வளர்க்கப்பட்ட கெண்டை இனம் அது. பத்தாண்டுக்கு மேல் வாழவல்லதைப் பத்து நாளில் புதைத்துவிட்டு 'மென்மையான மீன்' என்பது நம் குற்றத்தை மீனின் தலையிற் கட்டுவதாகும்.

வேறொரு குரலும் காதில் விழுகிறது: குடிநீருக்கே அல்லற்படும் ஊரில் அலங்கார மீன் எதற்கு? 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடி, கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களிற் கிடந்து, 2015க்குப் பின்னரே தம் காணிக்கு மீண்ட மக்கள் இவர்கள். திரும்பியபோது பல வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. அவர்கள் தம் முற்றத்தில் ஒரு குளம் வெட்டிப் பிள்ளைகளுக்கு நாலு மீன் காட்ட எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நான் அவர்களிடம் கேட்பது ஆறு வாரப் பொறுமை மட்டுமே.

அந்த ஆறு வாரத்தில் செய்யவேண்டியது அதிகமில்லை. குளத்தை நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மீண்டும் நிரப்புக. மூன்று நான்கு தடவையாவது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடும் நம்மவர் வழக்கம் நல்ல வழக்கமே. குழாய்நீராயின் குளோரீன் போக ஓரிரு நாள் திறந்தே கிடக்கட்டும். பழைய குளமொன்றிலிருந்து பாசி படிந்த கல் நாலைந்து கொண்டுவந்து இட்டால் பற்றீரியாவும் கூடவே வரும். பிறகு இரண்டு மீன். சில வாரம் கழித்து இன்னும் இரண்டு. சோற்றையும் பாணையும் அள்ளிக் கொட்டவேண்டாம். சில நிமிடங்களில் தின்று முடிக்குமளவு தீனி போதும். நீர் மாற்றும்போது காற்பங்கு மட்டும் மாற்றுக. கல்லையும் சுவரையும் தேய்த்துப் 'பளிச்'சென்று கழுவுவது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம். அழகுக்காக ஆற்றுவாழையைக் கொண்டுவந்து விடவும் வேண்டாம். அதனைத் தடுக்க இந்நாட்டில் 1909லேயே சட்டம் இயற்றவேண்டி வந்தது.

மீனில்லாமல் ஆறு வாரம் கிடந்தால் நுளம்பு பெருகாதா என்று கேட்பீர்கள். பெருகும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டதை மறக்கலாகாது. நெருக்கமான வலையொன்றைக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டுங்கள். மீன் வந்தபின்னரும் அதைக் கழற்றவேண்டாம். மீன்கொத்தி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.