அந்த 'ஹார்–எர்' பட்டியலைக் கிழித்துப் போடுங்கோ



ரீச்சர் இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீளம் என்று தாண்டிப் போகாமல் வாசியுங்கோ. டென்மார்க்கில் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ.

அங்கே இருக்கிற என் பெறாமகள் டேனிஷ் மொழிச் சோதனைக்குப் படிக்கிறாள். போன கிழமை ஒரு பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாள். எங்கடை ஆட்களுக்குள் கைமாறி வருகிறதாம். ஒரு பக்கம் 'ஹார்' போடுகிற வினைச்சொற்கள், மற்றப் பக்கம் 'எர்' போடுகிற வினைச்சொற்கள். "பெரியம்மா, எல்லாத்தையும் பாடமாக்கினேன், எழுதினால் பிழைக்குது. எனக்கு மண்டையிலை ஏறாது" என்றாள்.

அவளுடைய மண்டையில் ஒரு பிழையும் இல்லை. பிழை பட்டியலில்.

ஆங்கிலத்தில் பேர்பெக்ட் ரென்ஸ் என்று படிப்பித்தேனே, அது டேனிஷிலும் இரண்டு துண்டுதான். முன்னுக்கு ஒரு துணைவினை, பிறகு வினையின் முடிந்த வடிவம். முடிந்த வடிவம் பெரும்பாலும் 'எத்' என்று முடியும், இன்னொரு கூட்டம் 'ட்' என்று முடியும். வசிப்பதற்கு 'போ' (எங்கடை 'போ' இல்லை!), அது 'போஎத்' ஆகும். சாப்பிடுவதற்கு 'ஸ்பீஸ', அது 'ஸ்பீஸ்ட்' ஆகும். எழுதுவதும் குடிப்பதும் ஒழுங்கு மாறி 'ஸ்க்ரேவெத்', 'ட்ருக்கெத்' என்று வரும். இவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். அதற்குப் பட்டியல் வைத்திருங்கோ, நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் 'ஹார்', 'எர்' இரண்டையும் பட்டியலில் அடைக்க முடியாது. ஏனென்றால் ஒரே வினை இரண்டோடும் வரும்! நடப்பதற்கும் போவதற்கும் உள்ள சொல்லைப் பாருங்கோ. 'ஹான் எர் கோஎத்' என்றால் அவன் போய்விட்டான், இப்போது இங்கே இல்லை. 'ஹான் ஹார் கோஎத் இ டோ டீமர்' என்றால் அவன் இரண்டு மணித்தியாலம் நடந்திருக்கிறான். சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் 'எர்', சும்மா இரண்டு மணித்தியாலம் சைக்கிள் ஓடியிருந்தால் 'ஹார்'. பட்டியலில் 'கோஎத்' எர் பக்கத்தில் கிடக்கிறது. பிள்ளை அதை நம்பி, நடந்த கதைக்கும் 'எர்' போட்டாள். சிவப்புக் கோடு வாங்கினாள்.

கேட்கவேண்டியது ஒரே கேள்வி. ஆள் இப்போது வேறு இடத்திலோ வேறு நிலையிலோ இருக்கிறாரா? அப்படியென்றால் 'எர்'. வந்துவிட்டாள், பயணம் போய்விட்டான், தாயாகிவிட்டாள், எல்லாம் 'எர்'. என்ன செய்தார் என்பதுதான் கதையென்றால் 'ஹார்'. சாப்பிட்டது, வாசித்தது, வாங்கியது எல்லாம் 'ஹார்'. 'இருந்திருக்கிறேன்' என்பதற்கான 'வேரெத்' மட்டும் எப்போதும் 'ஹார்' கேட்கும். அதை மனதில் வையுங்கோ, போதும்.

எங்கடை பிள்ளைகளுக்கு இது ஏன் கஷ்டம் தெரியுமா? தமிழில் 'வந்திருக்கிறான்', 'சாப்பிட்டிருக்கிறான்' என்று எல்லாத்துக்கும் 'இரு' போடுகிறோம். அப்படியே 'யாய் எர் ஸ்பீஸ்ட்' என்று சொன்னால், என்னை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்! ஆங்கிலம் படித்த பிள்ளை மற்றப் பக்கம் விழும். அங்கே 'ஹாஸ் கோன்' என்பதால் இங்கேயும் எல்லாத்துக்கும் 'ஹார்' போடும். தமிழ் ஒரு பக்கம் இழுக்க, ஆங்கிலம் மற்றப் பக்கம் இழுக்க, நடுவில் நிற்கிற பிள்ளைக்கு விளங்கப்படுத்தாமல் பட்டியலைக் கொடுத்தால் என்ன நியாயம்?

இன்னொன்று. 'ஐந்து வருசமாக இங்கே இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். டேனிஷில் அதற்கு 'ஹார் போஎத்' வேண்டும். பெறாமகள் ஒரு நேர்முகத்தில் வெறும் இறந்தகாலத்தில், 'போஎத' என்று சொல்லியிருக்கிறாள். "அப்ப இப்ப எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். இருந்தேன், இப்போது இல்லை என்றுதானே அவர்களுக்கு விளங்கும்! பிள்ளை வெட்கப்பட்டு, அன்றைக்கு அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

இதுதான் எனக்குக் கோபம். நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் மொழிச் சோதனை கேட்கிற நாடு அது. தோற்றால் திரும்ப எழுதலாம். 'எனக்கு ஏறாது' என்று ஒரு பிள்ளை கதைப்பதையே நிற்பாட்டினால் அதைத் திருத்துவது லேசில்லை.

சிலருக்குச் சிரிப்பு வரும், தெரியும். 'ஹாஸ், ஹாவ், பிறகு மூன்றாவது வடிவம்' என்று கரும்பலகையில் எழுதி, முப்பது பேரையும் கத்தச் சொன்ன ரீச்சர் நான்தான். ஏன் என்று கேட்ட பிள்ளையை இருக்கச் சொன்னதும் நான்தான். அன்றைக்குக் கேட்டது சரியான கேள்வி. இன்றைக்குச் சொல்கிறேன், என்னை மன்னிக்க வேண்டும்.

நீங்கள் அந்தப் பிழையை உங்கள் பிள்ளைகளுக்கும் புதிதாக வருகிற சொந்தங்களுக்கும் கொண்டுபோகாதேங்கோ. யாராவது அந்தப் பட்டியலைக் கேட்டால், முதலில் அந்த ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கோ.

டேனிஷ் சொற்களைத் தமிழில் எழுதியது ஏறத்தாழத்தான். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பிழை கண்டால் கீழே திருத்துங்கோ. ரீச்சர் கோபிக்கமாட்டேன்.