இளைஞர் பக்கம்: இருநாட் போட்டியும் எதிர்கால உத்தியோகமும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் பலர் முதல் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இவ்வாக்கின் பொருளை உணர்கின்றனர். "இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று நேர்முகப் பரீட்சையிற் கேட்கப்படுகிறது. புள்ளிகளை மட்டும் காட்டி இக்கேள்விக்கு விடைகூற முடிவதில்லை.

ஷோனெஃபெல்ட் என்ற பெயர் பேர்லின் வாழ் தமிழருக்குப் புதியதன்று. 1983 இனக்கலவரத்தின் பின் இலங்கையை விட்டு வெளியேறிய பலர், அன்றைய கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியே மேற்குப் பேர்லினை அடைந்தனர். 1986 ஒக்டோபரில் அவ்வழி அடைபட்டது. ஊரிற் படித்துப் பெற்ற சான்றிதழ்கள் பலருக்கு இங்கே பயன்படவில்லை. வெளிநாட்டுத் தொழிற்றகைமைகளை மதிப்பிடுவதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2012 ஏப்ரல் முதலாந் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு, உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் வேலையைச் செய்து காட்டியே அத்தலைமுறை நிலைகொண்டது.

இன்று அதே ஷோனெஃபெல்ட்டில், 2020 ஒக்டோபர் 31 அன்று திறக்கப்பட்ட வில்லி பிராண்ட் விமான நிலையம் இயங்குகிறது. அதற்கு அண்மையில் வில்டாவ் தொழில்நுட்ப உயர்கல்லூரி இருக்கிறது. பேர்லின் பல்கலைக்கழகங்களும் தொலைவில் இல்லை. இப்பகுதியிற் கற்கும் மாணவர்கள் வார இறுதியில் "ஹக்கத்தோன்" ஒன்றுக்குப் போவதாக வீட்டிற் சொல்லும்போது, பெற்றோர் சற்றுத் திகைப்பது இயல்பே.

பிறர் கணினியிற் களவாகப் புகும் வேலையென்று இதனை எண்ண வேண்டியதில்லை. 1999இல் கனடாவின் கல்கரி நகரிற் கூடிய ஓப்பன்பிஎஸ்டி மென்பொருளாளர், தாம் தொடர்ந்து ஒன்றாயிருந்து வேலைசெய்த கூட்டத்துக்கு இப்பெயரை இட்டனர். மரதன் ஓட்டத்தை நினைவூட்டும் சொல் இது. தரவுகளை ஆராய்வதற்கென மாணவருக்கு நடத்தப்படும் போட்டிகளில் பெயர்பெற்றது "டேட்டாஃபெஸ்ட்". 2011இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 30 மாணவருடன், அந்நகரப் பொலிசார் வழங்கிய பதிவுகளைக் கொண்டு அது ஆரம்பமாயிற்று. பின்னர் ஜேர்மனிக்கும் வந்தது. இந்தியாவில் 2017 முதல் நடைபெறும் ஸ்மார்ட் இந்தியா ஹக்கத்தோனில் அணிக்கு ஆறு பேர். அவருள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது விதி.

நடைமுறை எளியது. வெள்ளி மாலை ஒரு நிறுவனத்தின் பதிவுகள் மாணவர் குழுக்களிடம் கொடுக்கப்படும். ஞாயிறு பிற்பகல் ஒவ்வொரு குழுவும் தான் கண்டதை ஓரிரு படங்களுடன் சில நிமிடங்களில் நடுவர் முன் எடுத்துரைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் நிகழ்வதே படிப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். கொழும்பிலிருந்து இரவு 11.50க்குப் புறப்பட வேண்டிய விமானம் நள்ளிரவு 12.10க்குப் புறப்படுகிறது. தாமதம் 20 நிமிடம். பதிவேட்டில் திகதி இல்லாமல் நேரம் மட்டும் இருந்தால், கணினி அதனை 23 மணி 40 நிமிடம் முன்னதாகவே புறப்பட்ட விமானமாகக் கணக்கிட்டுவிடும். பாடநூற் கணக்கில் இத்தகைய பிழை வருவதில்லை. அங்கே எண்கள் கழுவித் துடைத்தே தரப்படுகின்றன. அலுவலகத்திலோ ஒரே ஊரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்; சில நாட்களின் பதிவே இராது. அவற்றைச் சீர்செய்வதிலேயே நேரத்தின் பெரும்பகுதி கழியும். இதை இருபது வயதில் இரண்டு நாட்களில் அறிந்துகொள்வது பெரும் பேறு.

அடுத்தது கூட்டு முயற்சி. வில்லி பிராண்ட் விமான நிலையம் முதலில் 2012 ஜூன் 3 அன்று திறக்கப்படுவதாக இருந்தது. நான்கு வாரங்களுக்கு முன், மே 8 அன்று, தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிவுறாமையால் அது ஒத்திவைக்கப்பட்டது. மேலும் எட்டாண்டுகள் சென்றன. கதவும், புகை அகற்றும் குழாயும், மின் கட்டுப்பாடும் ஒன்றோடொன்று இசைந்து இயங்காவிடில் கட்டடம் பயன்படாது என்பதை ஊரே கண்டது. மாணவர் குழுவிலும் இவ்வாறே. ஒருவர் எண்களைத் திருத்துவார், ஒருவர் கணக்கிடுவார், மற்றொருவர் படம் வரைவார். இடைக்கிடை கூடிப் பேசாவிட்டால் ஞாயிறன்று மூன்று துண்டுகள் இருக்கும், விடை இராது. கெட்டிக்காரப் பிள்ளை தனியே முதலாம் இடம் பெறும் பள்ளிப் பழக்கம் இங்கே உதவுவதில்லை. அறியாததை "அறியேன்" என்று சொல்லவும், தான் கண்டதைத் துறை தெரியாத ஒருவருக்கும் விளங்கச் சொல்லவும் இங்கே பழகுகிறார்கள். அன்னிய நாட்டிலிருந்து புதிதாக வந்து, பரிந்துரைக்க எவருமில்லாத மாணவனுக்கு, நேர்முகத்தில் எடுத்துக்காட்ட ஒரு வேலையாவது கையில் இருக்கும்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2006இல் பத்து இலட்சம் டொலர் பரிசுடன் ஒரு தரவுப் போட்டியை அறிவித்தது. 2009இல் ஒரு குழு அதனை வென்றது. ஆயினும் வென்ற முறையை முழுமையாக அந்நிறுவனம் பயன்படுத்தவில்லை; கிடைக்கும் பயன் அதற்கான உழைப்புக்கு ஈடாகாது எனக் கருதிற்று. போட்டியில் வெல்வது வேறு, நாளாந்தம் நின்று பயன்தரும் வேலை வேறு. வாரத்தில் 20 மணி நேரம் "வேர்க்ஸ்டுடென்ட்" ஆகப் பணிபுரிவதும், சில மாதப் "பிராக்டிகும்" பயிற்சியும் தரும் அனுபவத்துக்கு இரு நாட்போட்டி ஈடாகாது. அவற்றின் வாசலைத் திறக்க அது உதவலாம், அவ்வளவே.

பெற்றோர் தடுப்பதைக் காட்டிலும் விசாரிப்பது நன்று. நடத்துபவர் யார்? இரவில் மண்டபம் மூடப்படுமா, தங்குமிடம் உண்டா? மாணவர் ஆக்கியது யாருக்கு உரியதாகும் என விதிகளில் எழுதப்பட்டுள்ளதா? பரீட்சை வாரத்திலா வருகிறது? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்தால், மகனைப் போலவே மகளையும் அனுப்பத் தயங்க வேண்டியதில்லை. உறக்கமின்றி உழைப்பது வீரமன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புதல் வேண்டும்.

கோயிற் சங்கங்களும் இதற்குச் சிறு களம் அமைக்கலாம். திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்பது ஆண்டுதோறும் ஊகத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. ஒருமுறை சோறு மிஞ்சும். ஒருமுறை கடைசி வரிசைக்குப் போதாது. பழைய கணக்குப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, கிழமை, வானிலை, பள்ளி விடுமுறை ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், ஒரு சனிக்கிழமையில் நல்ல பயிற்சியாகும், மடப்பள்ளிக்கும் உதவியாகும். ஒரு நிபந்தனை உண்டு. அருச்சனைச் சீட்டிலுள்ள பெயரும் நட்சத்திரமும் வெளியே போகக்கூடாது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சமயம் பற்றிய தகவலைத் தனிக் கவனத்துடன் காக்கவேண்டியவற்றுள் ஒன்றாக வகுத்துள்ளது. நம்பிக் கொடுத்த பெயரைக் காப்பதும் தொழிற் கல்வியின் ஒரு பாடமே.

மூத்தோர் சமையலறையிற் கையால் உழைத்துக் கற்றதை இளையோர் கணினி முன்னிருந்து கற்கின்றனர். செய்து பழகாமல் எத்தொழிலும் கைவராது என்பதில் இரு தலைமுறைக்கும் வேறுபாடில்லை. முருகன் திருவருளால் அப்பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே வாய்ப்பதாக.