ஆறு ஓட்டை இருக்கிறதா?

1996-ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தது. அன்று தியேட்டரில் தொற்றிய ஆசை இன்னும் போகவில்லை. மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் கம்பெனிக்குப் போய்வருபவருக்கும் அதே ஆசைதான். அவரிடம் பழைய ரிசீவர் இருக்கும், அதில் டிஜிட்டல் இன்புட் இருக்காது. "தூக்கிப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்குப்பா" என்பார்கள். தேவையே இல்லை!

சின்ன டிகோடர் போதும். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் வரும் டால்பி டிஜிட்டலை அது ஆறாகப் பிரிக்கும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சென்டர், சப்வூஃபர்.

ஆனால் வாங்கும் முன் ரிசீவரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். '5.1 இன்புட்' என்று ஆறு ஆர்சிஏ ஓட்டை இருக்கிறதா? சிவப்பு-வெள்ளை ஜோடி மட்டும் என்றால், மீதி நாலு வயரை எங்கே செருகுவது? ஓவர்டைம் காசு வீண்தான்.

இன்னொன்று. டிவி செட்டிங்கில் 'பிசிஎம்' என்றிருந்தால் ஆப்டிகலில் இரண்டு சேனல்தான் போகும். 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். படமும் 5.1-ல் இருக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது பட்ஜெட்டை அல்ல, "பின்பக்கம் போட்டோ இருக்கா?" என்றுதான். அவர் கேட்காவிட்டால் வாங்குபவராவது காட்டட்டும்!