வாசகர் வாயை அடைப்பது ஏன்?

நாவலையும் கவிதையையும் பற்றி வாசகர்கள் சொல்லும் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை என்ற பேச்சு இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கோட்பாடு தெரியாதவர்கள், பிடித்தது பிடிக்காதது என்பதைத் தாண்டாதவர்கள், கவிதையின் பக்கம் வரவே கூடாதவர்கள் என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்பாட்டை முதலில் பார்ப்போம். தமிழில் நவீன விமர்சனத்தை வளர்த்த க.நா.சு.வும், 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பாவும் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் அல்லர். நிறையப் படித்தார்கள், படித்ததற்காக வாதாடினார்கள். அந்த வழியை இன்றைய வாசகருக்கு மட்டும் மூடுவது என்ன நியாயம்?

பிடித்தது பிடிக்காதது என்பதோடு நின்றுவிடுகிறார்களாம். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, அவன் இச்சைக்கு ஆளாகி வீடு திரும்பும் மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையானவள்தான் என்று அணைத்துக்கொள்கிறாள். வாசகர்களில் பலர் கொதித்துப்போனார்கள். அந்த முடிவு தவறு என்றார்கள். நான் முழுக்க அந்தத் தாயின் பக்கம். ஆனால் அவர்களுடைய கோபம் கதையின் உயிர்நிலையைச் சரியாகத் தொட்டது. கதை முழுவதும் தாயின் அந்த ஒரு செயலில்தானே நிற்கிறது! தாய் வேறு மாதிரி நடந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஜெயகாந்தன் எழுதிப் பார்த்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலுக்குள் அதே சிறுகதை பத்திரிகையில் வருகிறது, நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். வாசிப்பையே கதையின் பகுதியாக்கிவிட்டார் ஆசிரியர். வாசகர்களின் முடிவு தவறாக இருந்தும் அவர்கள் எழுப்பிய கேள்வி வீண்போகவில்லை.

கவிதைக்கு வருவோம். சட்டம் படித்த ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியது. நண்பர்கள் சேர்ந்து கம்பனைப் பாடுவார்கள், ஒரே பாட்டில் திளைப்பார்கள், மனத்தில் பட்டதைச் சொல்வார்கள். பண்டிதர் உரை எட்டாத பலரைக் கம்பனிடம் கொண்டு சேர்த்தது அந்த ரசனைதான். தம் ரசனைக்கு ஒத்துவராத பாடல்களைக் கம்பன் பாடியவையே அல்ல என்று டி.கே.சி. ஒதுக்கியதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அபிப்பிராயம் சொல்ல வாசகருக்கு உரிமை உண்டு. பாட்டை நீக்க இல்லை.

எல்லோரும் பேசினால் நல்ல நூல் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பது கடைசி வாதம். தமிழில் நல்ல நூல்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேர்மாறானது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. படித்த சிலர் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகே அது பரவலாகப் படிக்கப்பட்டது. சிங்காரமோ இரண்டே நாவல்களோடு நிறுத்திக்கொண்டார். அந்த நூல் வந்த வேளையில் நாலு ஊரிலிருந்து நாற்பது பேர் நல்லதோ கெட்டதோ எழுதியிருந்தால் தமிழ் நாவலுக்கு என்ன குறைந்திருக்கும்?