25 கிலோ மீட்டர் பூட்டை உடைப்பதில் யாருக்கு லாபம்?

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களிடையே சின்ன மின்சார ஸ்கூட்டர் வெகுவாகப் பரவி வருகிறது. பீன்யா தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர், சிவாஜி நகரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், அல்சூரிலிருந்து கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரை வந்து ரயில் பிடிக்கும் குமாஸ்தா என்று பலதரப்பட்டவர்களும் இதை விலைக்கு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டுகிறார்கள். காரணம் வெளிப்படை. பெட்ரோல் செலவு இல்லை. லைசென்ஸ் வேண்டாம். பதிவு எண் வேண்டாம். இன்ஷூரன்சும் கேட்பதில்லை.

இந்தச் சலுகை சும்மா கிடைத்ததல்ல. மோட்டாரின் அரை மணி நேரச் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அதைச் சோதனைக் கூடம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்தால் அந்த வண்டியை மோட்டார் வாகனமாகக் கருத வேண்டியதில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சட்டத்தின் கண்ணில் அது ஏறக்குறைய சைக்கிளுக்குச் சமம்.

வண்டி வாங்கிச் சில வாரங்கள் ஆனதும் மனக்குறை ஆரம்பமாகிறது. சமதரையில் ஆமை வேகம். அனுமந்தநகர் மேட்டிலோ, ஹெப்பால் மேம்பாலத்திலோ அதுவும் இல்லை. அப்போதுதான் மெக்கானிக் கடையில் அந்த ஆசை வார்த்தை காதில் விழுகிறது: "பூட்டை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும், சார்!"

குறை நியாயமானதே

இந்த மனக்குறையைக் கேலி செய்வது சரியல்ல. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்து நெருக்கும் சாலையில் 25 கிலோ மீட்டரில் ஓரமாக ஊர்ந்து போவதும் ஆபத்துதான். பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. ஒரு ஷிப்டில் நாலு நடை குறைந்தால் ஊருக்கு அனுப்பும் பணமும் குறையும். வேகம் வேண்டும் என்று அவன் கேட்பது பொழுதுபோக்குக்காக அல்ல. பூட்டை எடுத்தால் அவன் கேட்பது கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பழைய பாடம்

இந்த வித்தை புதிதல்ல. 1972ல் லூனா வந்தது. 1980ல் பக்கத்து ஓசூரிலிருந்து இரண்டு பேர் ஏறும் டி.வி.எஸ். 50 வந்தது. அந்தக் காலத்திலேயே சைலன்சரின் உள்குழாயை உருவிவிடுவது, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவது, சிலிண்டரின் துவாரத்தை அரம் போட்டு அகலப்படுத்துவது எல்லாம் பட்டறைகளில் நடந்தவைதான். சத்தம் கூடியது, மைலேஜ் குறைந்தது. கலவை கெட்டு இஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டிகள் அதே பட்டறைக்குத் திரும்பி வந்தன. செயின் பல்சக்கரத்தை மாற்றியவர்களுக்குச் சமதரையில் வேகம் கிடைத்தது. மேட்டில் இருந்த இழுவையும் போயிற்று. சிறிய இஞ்சினில் வேகமும் இழுவையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும்.

மின்சார வண்டியிலும் இதே கதைதான். பெரும்பாலான சின்ன ஸ்கூட்டர்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது; கியர் கிடையாது. வேகத்தையும் கரண்டையும் கட்டுப்படுத்துவது சீட்டுக்கு அடியில் உள்ள கண்ட்ரோலர் பெட்டி. பல வண்டிகளில் வேகப்பூட்டு என்பது அந்தப் பெட்டியிலிருந்து வரும் ஒரு ஒயர்தான். அதைத் துண்டித்தால் சமதரை வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் மேடு ஏறும் வலு ஒரு துளியும் கூடாது. அது கரண்டின் அளவைப் பொறுத்தது, வேகப்பூட்டைப் பொறுத்ததல்ல.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ. நூறு அடிக்கு எட்டு அடி உயரும் மேடு. அதில் 25 கிலோ மீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் சக்கரத்தில் சுமார் 1,000 வாட் சக்தி வேண்டும். அதாவது 250 வாட் மோட்டாரின் நான்கு மடங்கு. பின்னால் மனைவியும் உட்கார்ந்தால் 1,300 வாட்டைத் தாண்டும். மோட்டார் கொஞ்ச நேரம் தன் அளவுக்கு மேல் இழுத்துக் கொடுக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அதற்கு மேல் தாங்காது.

இதற்கும் பட்டறையில் வழி சொல்வார்கள். பெரிய கண்ட்ரோலர் போடலாம், 48 வோல்ட் பேட்டரியை 60 வோல்ட் ஆக்கலாம் என்பார்கள். கரண்ட் இரண்டு மடங்கானால் மோட்டாரின் கம்பிச் சுருளில் சூடு நான்கு மடங்காகும். மூடிய சக்கரத்துக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது காற்றும் படாது. காந்தம் வலுவிழக்கும், இன்சுலேஷன் கருகும். ஈயப் பேட்டரியாக இருந்தால் சீக்கிரம் ஆயுள் முடியும். லிதியம் பேட்டரியில் அளவு மீறினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் அமைப்பு ஒன்று உண்டு. அது அடிக்கடி வண்டியை நிறுத்துகிறது என்று அதையும் தாண்டி ஒயர் இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை.

அந்த வண்டி இரவில் எங்கே நிற்கிறது? பத்துக்குப் பன்னிரண்டு அறையில், நாலு பேர் படுத்திருக்கும் இடத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதைப் பூட்டு உடைத்த வண்டியின் கதையாக இங்கே சொல்லவில்லை. பேட்டரி வீட்டுக்குள் எரிந்தால் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்காகச் சொல்வது. காவல் அமைப்பைத் துண்டித்த பேட்டரியோடு ஒரே அறையில் படுப்பவன் இதை யோசிக்க வேண்டும்.

பிரேக் மாறவில்லையே!

வேகத்தைக் கூட்டுகிறவர் பிரேக்கைக் கூட்டுவதில்லை. டயர், சட்டம், முன் போர்க் எல்லாம் 25 கிலோ மீட்டருக்கென்று செய்தவை. வேகம் 25லிருந்து 45 ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். நல்ல சாலையில் 6 மீட்டரில் நின்ற வண்டி, 20 மீட்டர் வரை ஓடும். மழை பெய்த பெங்களூர்ச் சாலையில் கேட்கவே வேண்டாம். இடையே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வந்தால் என்ன ஆகும்?

சட்டம் சும்மா இராது

25 கிலோ மீட்டரைத் தாண்டிய அன்றே அந்த வண்டி சலுகையை இழக்கிறது. பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் அனைத்தும் வேண்டும். 2019ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், முதல் முறை இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2,000 ரூபாய் என்று சட்டப் புத்தகம் கூறுகிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பள்ளிக்குப் போகும் மகனிடம் அத்தகைய வண்டியைக் கொடுக்கும் தகப்பனார் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் உள்ளாக நேரிடும்.

அபராதத்தை எப்படியோ கட்டிவிடலாம். யாராவது ஒருவர் மேல் வண்டி மோதி, அவர் கால் போயிற்று என்றால்? நஷ்ட ஈட்டு மன்றம் தீர்ப்புச் சொல்லும்போது பணம் கட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்காது. வண்டிக்காரன் கட்ட வேண்டும். ஊரில் இருக்கும் கால் காணி நிலமும், மனைவியின் தாலிச் சங்கிலியும்தான் அவனுடைய இன்ஷூரன்ஸ். அடிபட்டவன் அவனே ஆனாலும், எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்தவுடன் கேட்பது லைசென்ஸைத்தான். வெளிமாநிலத்தில் பாஷையும் சிபாரிசும் இல்லாதவனுக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகும்.

குற்றம் யார் மேல்?

பழியெல்லாம் ஓட்டுகிறவன் மேல் போடுவது நேர்மையல்ல. "லைசென்ஸ் வேண்டாம்" என்று ஒரு வாயாலும், "பிறகு வேகத்தைத் திறந்து தருகிறோம்" என்று மறு வாயாலும் சொல்லி விற்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். விதிகளை மீறிய வண்டியை விற்றாலோ மாற்றிக் கொடுத்தாலோ வியாபாரிக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டம் கூறுகிறது. 2023 மே மாதம் கேரள மோட்டார் வாகனத் துறை ஸ்கூட்டர் விற்கும் ஷோரூம்களிலேயே புகுந்து சோதனை போட்டது. அதுதான் சரியான வழி. தெருவில் பொட்டலம் சுமக்கிறவனை மடக்குவதற்கு முன்னால் கடை வாசலில் மடக்க வேண்டும். நிமிடக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கும் கம்பெனிகளும் தங்கள் கணக்கை 25 கிலோ மீட்டர் வண்டிக்கு ஏற்றபடி போட வேண்டும்.

செய்யத் தக்கது

வேகமும் ஏற்றமும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் பட்டறையில் கொடுக்கும் பணத்தை முன்பணமாக வைத்து, பதிவெண் உள்ள வண்டியை, பழையதாக இருந்தாலும் பாதகமில்லை, வாங்குவதே மேல். லைசென்ஸ் வாங்குவது மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. பழகுநர் லைசென்ஸுக்கு ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்திலேயே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகச் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் தெரியாமல் தயங்குகிறவர்களுக்காக அல்சூரிலுள்ள தமிழ்ச் சங்கமும், தொழிற்சங்கங்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உதவினால் பெரும் புண்ணியம்.

சமதரையில் ஐந்தாறு கிலோ மீட்டர் போய் வருகிறவருக்கு இப்போதுள்ள வண்டியே போதும். டயரில் சரியான காற்று, பிரேக்கில் பிடிப்பு, மேட்டில் ஒற்றை ஆள் என்று கவனித்தால் அது உழைக்கும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதற்கு எந்த மெக்கானிக்குக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.