மர்ம நாவலும் மறைந்த வினைமுதலும்

துப்பறியும் நாவலைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நன்னூலும் தண்டியலங்காரமும் கற்பிக்கிறவனுக்குக் கொலைக் கதையில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவேன். தமிழில் துப்பறியும் கதைக்கு வழிதிறந்தவர் என்று இலக்கிய வரலாற்றார் குறிக்கும் நடேச சாஸ்திரியாரும் 'பண்டிதர்' என்ற அடையோடு வழங்கப்பட்டவரே. அவருடைய 'தானவன்' 1894இல் வெளிவந்தது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் எழுதிக் குவித்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் நம் வாசிகசாலைகளில் பட்ட பாட்டை, அட்டை கிழிந்து நூல்தைத்த பிரதிகளே சொல்லும். எங்கள் கீழைத்தேயக் கல்லூரியில் பகலில் சேனாவரையர் உரையைப் புரட்டிய கைகள், இரவில் எவற்றைப் புரட்டின என்பதை இப்போது விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதை எழுதத் தூண்டியது மாணவி ஒருத்தியின் கையெழுத்துப் பிரதி. உயர்தர வகுப்பில் தமிழ் பயில்பவள். தமிழ் மன்றப் போட்டிக்கென்று ஒரு மர்மக் கதை எழுதி வந்தாள். கதை நிகழுமிடம் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி அறை. இரவுச் செய்தி தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது செய்தி ஆசிரியர் தம் மேசையில் இறந்து கிடக்கிறார். செய்தியை வாசிக்க வேண்டியவர் ஒப்பனையோடு அமர்ந்திருக்கிறார். அன்றைய தலைப்புச் செய்தி இருந்த தாளைக் காணவில்லை.

களத்தேர்வு மிகச் சிறந்தது என்றே சொன்னேன். மர்மக் கதைக்கு வேண்டுவனவெல்லாம் செய்தி அறையில் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. உள்ளே வர அனுமதி பெற்றவர் சிலரே. ஆகவே ஐயத்துக்குரியோர் தொகை வரையறைப்பட்டது. ஒவ்வொருவருக்கும் நாழிகைக் கணக்கு உண்டு. கொலை நிகழ்ந்த நேரத்தில் தாம் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டவேண்டியவர் செய்தி வாசிப்பவராயின், நாடே அவருக்குச் சாட்சி. ஆனால் திரையில் தோன்றியது நேரடி ஒளிபரப்பா, முன்னரே பதிவு செய்ததா என்று ஒரு கேள்வி எழுந்துவிட்டால், அத்தனை இலட்சம் சாட்சிகளும் ஒரு நொடியில் பயனற்றுப் போவார்கள். எவ்வளவு நயமான முடிச்சு! இந்த முடிச்சை அம்மாணவி தானே கண்டுபிடித்து எழுதியிருந்தாள்.

இடறியது கடைசி அத்தியாயத்தில். கொலையாளி ஒப்பனைக்காரர், காரணம் கைகூடாத காதல். இது ஏன் பொருந்தவில்லை என்று அவளிடம் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. சொல்லி முடித்தபோது, அது அவள் ஒருத்தியின் கதைக்கு மட்டும் உரிய குறையன்று என்று தெளிந்தேன்.

எனக்குத் தெரிந்த கருவி இலக்கணம். அதைக்கொண்டே விளக்க முயல்கிறேன். 'சாத்தன் மரத்தை வெட்டினான்' என்ற செய்வினையில் வினைமுதலாகிய சாத்தன் எழுவாயாய் முன்னே நிற்கிறான். 'மரம் சாத்தனால் வெட்டப்பட்டது' என்ற செயப்பாட்டுவினையில் அவன் மூன்றாம் வேற்றுமை ஏற்றுப் பின்னுக்குப் போகிறான். 'மரம் வெட்டப்பட்டது' என்று சுருக்கினால் சாத்தன் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறான். மர்ம நாவல் என்பது வேறொன்றுமன்று. 'இன்னார் கொல்லப்பட்டார்' என்ற செயப்பாட்டுவினையில் தொடங்கி, மறைந்த வினைமுதலைத் தேடிப்பிடித்து, செய்வினையில் முடிக்கும் ஒரு நெடிய வாக்கிய மாற்றம்.

நம் நாட்டுச் செய்தி அறைகளோ இதற்கு நேர்மாறான பயிற்சியில் வளர்ந்தவை. 'இனந்தெரியாதோரால் சுட்டுக்கொல்லப்பட்டார்' என்ற தொடரைக் கேட்டறியாத ஈழத்துத் தமிழர் எவருமில்லை. அதில் 'ஆல்' உருபு இருக்கிறது. உருபை ஏற்கும் பெயர்தான் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் தெரியாது என்பதே ஒரு பெயராகி நின்றுவிட்டது. 'காணாமற்போனோர்' என்ற சொல்லையும் பாருங்கள். போதல் தன்வினை, போனவர் தாமாகவே எங்கோ போய்விட்டார் என்று பொருள்படும். அதனால்தான் பிள்ளைகளை இழந்த தாய்மார் 'காணாமலாக்கப்பட்டோர்' என்று சொல்லுமாறு வற்புறுத்தினர். பிறவினைக்கும் தன்வினைக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தறிவு குறைந்த அன்னையர் வீதியோரத்தில் அமர்ந்து நாட்டுக்குக் கற்பித்தனர். இலக்கண ஆசிரியர் எவரும் செய்யாத பணி அது.

இப்படிப்பட்ட செய்தி அறையில் செய்தியாளரே கொலையுண்டால் என்ன ஆகும்? இது கற்பனைக்கு விடவேண்டிய வினா அன்று. ரிச்சட் டி சொய்சா ரூபவாஹினியில் ஆங்கிலச் செய்தி வாசித்தவர். நடிகர், கவிஞர், பத்திரிகையாளர். 1990 பெப்ரவரி 18ஆம் நாள் ஆயுதந் தாங்கியோர் அவரை வீட்டிலிருந்து கொண்டு சென்றனர். உடல் மொரட்டுவைக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு வயது 31. அன்னையார் மருத்துவர் மனோராணி சரவணமுத்து. மகனைக் கொண்டு போனவர்களுள் ஒருவரை அவ்வன்னையார் பின்னர் அடையாளங் கண்டது எங்கே தெரியுமா? தம் வீட்டில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் தோன்றிய ஒரு பொலிஸ் உயர் அதிகாரியின் முகத்தில். மகன் செய்தி வாசித்த அதே சின்னத்திரை! எந்த நாவலாசிரியரும் இதை எழுதத் துணியமாட்டார். எழுதினால் மிகை என்று விமரிசகர் தள்ளிவிடுவர். அன்னையார் 2001இல் காலமானார். குற்றஞ் சாட்டப்பட்ட பொலிசார் மூவரும் 2005இல் விடுதலையாயினர். வாக்கியம் இன்றும் செயப்பாட்டுவினையிலேயே நிற்கிறது.

தமிழ்ச் செய்தியாளர்களின் நிலை வேறன்று. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் தம் வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியே சுடப்பட்டார். அப்போது ஊரடங்கு வேளை. சன்னலண்டை வந்தவர் எப்படி வந்தார், எப்படிச் சென்றார் என்பன, பூட்டிய அறைக் கொலைக் கதைகளில் கேட்கப்படும் வினாக்களைவிடக் கூரியவை. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பில், தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில், லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் பட்டப்பகலில் நடுவீதியில். லசந்த இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர்தான் பன்னிப்பிட்டியத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுள் ஆயுததாரிகள் புகுந்து கருவிகளை நொறுக்கினர். இவற்றுள் எதற்கும் கடைசி அத்தியாயம் எழுதப்படவில்லை.

தமிழகத்திலும் முன்னுதாரணம் உண்டு. 1944 நவம்பரில் சென்னையில் குத்துண்டு இறந்த லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கங்களை அச்சேற்றி வந்த 'இந்து நேசன்' பத்திரிகையை நடத்தியவர். தியாகராஜ பாகவதரும் கலைவாணர் கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். குத்தியது யார் என்பது அதோடு கேள்வியாகவே நின்றுவிட்டது. பாகவதரின் குரலுக்காக இரங்கியவர் பலர்; இறந்தவருக்காக இரங்கியவர் சிலரே. அது வேறு கதை.

இத்தகைய நாட்டில், செய்தி அறைக் கொலைக்குக் கைகூடாத காதலைக் காரணமாக்கி முடிச்சவிழ்ப்பது கதைநயக் குறை மட்டுமன்று. வாசகரின் உள்ளத்தில் ஏற்கெனவே நிற்கும் கேள்விக்குப் பொய் விடை தருவதாகும். அவ்வாறாயின் அந்தக் களத்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. வழி கண்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். ஷெஹான் கருணாதிலக்க ஆங்கிலத்தில் எழுதி 2022இல் புக்கர் பரிசு பெற்ற 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' என்னும் நாவலைச் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் போர்க்களப் படப்பிடிப்பாளன் ஒருவன் கொல்லப்படுகிறான். துப்பறிபவன் பொலிசும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன், இறந்தவனேதான். ஆவியாய் அலைந்து, ஏழு நிலவுகளுக்குள் தன் கொலையாளியைத் தேடுகிறான். உயிரோடிருப்பவர் விசாரிக்காத நாட்டில் இறந்தவனே விசாரிக்கிறான் என்ற அந்த ஒரு கற்பனையில் நீதிமன்றங்கள் மீதான கண்டனம் முழுவதும் அடங்கிவிட்டது. மாலிக்குக் கபலான என்ற குடும்பப் பெயரும் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1983இல் எடுத்த 'யுகாந்தய' படத்தில் ரிச்சட் டி சொய்சா ஏற்ற பாத்திரம் மாலின் கபலான. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அந்நாவலின்மீது எனக்குக் குறையும் உண்டு. கொலையாளி யாரென்று இறுதியில் தெரிகிறது. அதைச் சொல்லி வாசிப்போர் சுவையைக் கெடுக்கமாட்டேன். ஆனால் காரணம் போர்க்களத்திலிருந்து விலகி வேறோர் இடத்துக்குப் போய்விடுவதாக எனக்குப் பட்டது. இருப்பினும் நூல் கடைசிவரை தன் கோபத்தை இழக்கவில்லை.

இளங்கோவடிகள் செய்ததும் ஏறக்குறைய இதுவே. கள்வன் பொற்கொல்லனே என்பதை அவர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். அங்கே மர்மம் எதுவுமில்லை. அரசனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்ற நிலையில், சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற சான்றோடு ஒருத்தி அவையில் வந்து நிற்பதே அங்கு முறுக்கு. நம் எழுத்தாளருக்கு இது தகுந்த வாய்பாடு. கொலையாளியைக் கண்டுபிடிப்பதில் கதையை முடிக்கவேண்டாம். கண்டுபிடித்த பின்னரும் செய்தியில் 'இனந்தெரியாதோர்' என்றே வாசிக்கும்படி நேர்வதிலிருந்து தொடங்கட்டும்.

மாத்தளையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2012 நவம்பரில் எங்கள் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று நாட்டுத் தொல்லியல் அறிஞர் கூறினார். வெளிநாட்டு ஆய்வுகூடமோ அதற்குப் பல பத்தாண்டுகள் முற்பட்டவை என்றது. அந்த எலும்புகளுக்கு இன்றுவரை பெயரில்லை. 1989இல் இம்மாவட்டத்தில் பிள்ளைகளைத் தேடியலைந்த சிங்களப் பெற்றோர் பலர். அவர்களும் மேற்சொன்ன தாய்மாரும் வெவ்வேறு மொழியில் ஒரே இலக்கணப் பிழையைத் திருத்தக் கேட்கிறவர்கள்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் கையில் மர்மக் கதையைக் கண்டதும் பறித்து மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். எழுதுகிறவர்களானால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி உசாவுங்கள். இன்னொரு சாராரையும் வேண்டுகிறேன். தொலைக்காட்சிகளிலும் வானொலியிலும் தமிழ்ச் செய்தி மேசையில் இருந்து ஓய்வுபெற்றோர் நம்மிடையே பலர் வாழ்கிறார்கள். சிங்களத்தில் வந்த அறிக்கையைத் தமிழாக்குகையில் எந்தச் சொல்லை எழுதினார்கள், எந்தச் சொல்லை அடித்தார்கள், அடிக்கச் சொல்லி வந்த தொலைபேசி அழைப்பு எந்த வேளையில் வந்தது என்பவற்றை அவர்களே அறிவார்கள். தமிழில் வரவேண்டிய செய்தி அறை நாவலின் துப்புகள் அவர்களிடத்தில் இருக்கின்றன. அவர்களுள் எவரேனும் எழுதத் தொடங்கினால் பிழைதிருத்தித் தர ஆயத்தமாயிருக்கிறேன். நடையில் கை வைக்கமாட்டேன். வல்லினம் மிகும் இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது.