ஆனந்தத்துக்கு ஒரு பாதை வேண்டும்!

ஷிப்டு முடிந்து ஓசூர் சிப்காட் கேட்டைத் தாண்டும் தொழிலாளிக்கு உடம்பு வலியைவிட மனசு பாரம்தான் பெரிசு. அதை இறக்கி வைக்கப் பலர் தேடிப்போவது மதுக்கடை!

காசில்லாத வழி ஒன்று உண்டு. ஓட்டம்!

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மனசு லேசாகிவிடும். 'எண்டார்பின்' என்ற ரசாயனமே காரணம் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 2021-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில் 63 பேரை 45 நிமிடம் ஓடவிட்டார்கள். எண்டார்பினைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் உற்சாகம் குறையவில்லை! ஓடிய பிறகு ரத்தத்தில் கூடியிருந்தவற்றில் ஒன்று 'ஆனந்தமைடு'. நம்ம ஊர் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே 1992-ல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

தீராத மனச்சோர்வுக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அன்றாடச் சலிப்புக்கு ஓட்டம் நல்ல மருந்து.

சரி, எங்கே ஓடுவது? பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவிலா? அங்கே கிடைப்பது ஆனந்தமல்ல, ஆபத்து!

ஏரிக்கரைதோறும் ஒரு மண்பாதை, நாலு விளக்கு. மாநகராட்சியும் ஆலை நிர்வாகங்களும் மனசு வைத்தால் முடியாதா என்ன?